கஞ்சிக்கு வந்தவர்கள்



ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் இளைஞன் ஒருவன் திருப்பண்ட அறையின் வாயிலில் வந்து நின்றான். நான் இப்பங்கிற்கு வந்த நாளில் பீடச் சிறுவனாக இருந்த பிள்ளை. அன்று அவன் முகத்தில் களை இல்லை.

“சாமி, நம் முன்னோர் பஞ்ச காலத்தில் கஞ்சிக்காகத்தான் வேதத்தில் சேர்ந்தார்களாமே? உடன் படிக்கிறவன் ஒருவன் நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தான். எனக்கு மறுமொழி வரவில்லை” என்றான்.

எனக்கும் உடனே வரவில்லை. விசுவாசத்திற்கு எதிராக எழும் கேள்விகளுக்கு விடையளிக்கக் குருமடத்தில் தனிப் பாடமே இருந்தது. கஞ்சியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. “பிற்பகலில் வா, கோட்டைவரை நடந்துவிட்டு வருவோம்” என்று சொல்லி அனுப்பினேன்.

செஞ்சிக்காரர்களுக்கு நம் கோட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை இணைத்து ஓடும் மதில்களையும் கொண்டது அது. 1597இல் இயேசு சபைக் குருவான பிமெந்தா அடிகளார், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலத்தில் இங்கு வந்து, நகரின் பெருமையைக் கண்டு வியந்து எழுதினார். 2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. வருகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்ப்பார்கள். மூச்சு வாங்க இராஜகிரி ஏறுவார்கள். நான் அப்பிள்ளையை அழைத்துச் சென்று நிறுத்தியது, அடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்தின் முன்னால்.

தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு. பேசினால் எதிரொலிக்கும். 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் படைகள் இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தன. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். அத்தனை ஆண்டுகள் கோட்டை தாங்கியதற்கு மதிலை மட்டும் காரணம் சொன்னால் போதாது. பகைவன் வெளியே நிற்க, உள்ளே இருப்பவனைக் காப்பது நெல்லும் நீரும் அல்லவா?

“தம்பி, உன் பாட்டனாருக்குப் பாட்டனார் பசித்துக் கிடந்த காலத்தில் இந்தக் களஞ்சியம் எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டேன்.

“இப்போது இருப்பதுபோலத்தான், சாமி” என்றான்.

உண்மை. கோட்டை 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது; பிறகு படைத்தளம் என்னும் மதிப்பையும் மெல்ல இழந்தது. 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, ஊர்ப் பசிக்கு எடுத்துக் கொடுக்க இதனுள் ஒரு மணி நெல் இல்லை. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது. ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நம் பாட்டிமார் பெருமூச்சோடு சொல்லி வந்தது அதனைத்தான். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்று ஆசிரியர்களின் கணிப்பு. புளியங்கொட்டையும் நாகதாளிப் பழமும் உணவாயின.

1877 சனவரி முதல் நாள், விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தில்லியில் பெரும் ஆடம்பரத்துடன் நடந்தது. அதே மாதத்தில், பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் துரை, நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்னும் மருத்துவர், ஆங்கிலேயரே ஆயினும், இது உயிர் தாங்கப் போதாது என்று வாதாடினார். இத்தனைக்கும் நடுவே நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. வாணிகத்தில் அரசு கை வைக்கலாகாது என்பது அன்றைய கொள்கை.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், துன்பம் வந்தவுடன் ‘ஆண்டவர் சோதிக்கிறார்’ என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நானும் மறையுரையில் சொன்னவன்தான். மழை பொய்த்தது இயற்கை. கூலியைக் குறைத்ததும் கப்பலேற்றியதும் மனிதர். அந்தப் பழியைத் தூக்கி ஆண்டவர்மேல் போடுவது விசுவாசமாகாது.

அந்நாளில் நம் பகுதியில் மறைப்பணி ஆற்றியோர் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள். புதுவையில் லவுனான் ஆண்டகை மறைப்பணித் தலைவராக இருந்தார். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சேத்துப்பட்டுப் பகுதியில் தாராஸ் அடிகளார் ஊர் ஊராக நடந்து உழைத்தார். பசித்தோர் மறைப்பணித் தளங்களை நாடி வந்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வந்தனர். ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். வந்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளில் வாழ்ந்த, சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லாத மக்கள்.

ஆகவே அந்த இளைஞனிடம் மறைக்காமல் சொன்னேன்: “ஆமாம் தம்பி, கஞ்சிக்கு வந்தவர்கள்தான்.”

அவன் தலை குனிந்தது. மறுப்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறான்.

வாசகர்களே, உங்களிலும் சிலருக்கு இது வருத்தமாக இருக்கலாம். ஆனால் லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தைச் சற்றே நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஊதாரி மைந்தனைத் தந்தையின் வீட்டுக்குத் திருப்பியது எது? தந்தையின்மேல் கொண்ட பாசம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. தன் தந்தையின் கூலியாட்களுக்கு வயிறார உணவு கிடைக்கிறதே, தானோ இங்கே பசியால் சாகிறோமே என்னும் நினைவுதான் அவனை எழுப்பியது. அவன் மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்த மன்னிப்பு வார்த்தைகளுக்கு முன்னால் வந்தது வயிறு. தந்தை அதைப் பற்றி விசாரிக்கவில்லை. ‘சோற்றுக்குத்தானே வந்தாய்’ என்று கேட்டது தந்தையல்ல. அப்படி நினைக்கக்கூடியவன் வெளியே நின்று உள்ளே வர மறுத்த மூத்த மகன்.

யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இன்னும் கடினமானது. (மூத்த வாசகர்கள் ‘அருளப்பர்’ என்றால்தான் ஒப்புக்கொள்வார்கள், அவர் எழுதியதேதான்.) அப்பம் உண்டு வயிறு நிறைந்ததால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்ற பொருள்பட ஆண்டவரே மக்களிடம் நேருக்கு நேர் கூறுகிறார். அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் முதலில் உணவளித்தார், கண்டித்தது மறுநாள். அந்த வரிசையை நாம் மாற்றலாகாது. அதே அதிகாரத்தின் முடிவில், போதனை கடினமானதும் பலர் விலகிப் போகிறார்கள். பேதுருவும் உடனிருந்தோரும் நிற்கிறார்கள். அவர்களும் முந்தின நாள் அதே அப்பத்தை உண்டவர்கள்தானே!

பஞ்சத்திலும் இதுதான் நடந்தது. மழை திரும்பியபின் பழைய வழிக்குப் போனவர்கள் உண்டு. போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நின்றவர்களைப் பற்றியே பேச வந்தேன். ஆந்திரப் பகுதியின் ஓங்கோலில் இருந்த கிளஃப் என்னும் அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர் இந்த ஐயத்தை முன்கூட்டியே உணர்ந்தார். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் குத்தகையை எடுத்துப் பசித்தோருக்கு வேலை கொடுத்தார். ஆனால் பஞ்சம் நீடித்த வரையில் எவருக்கும் திருமுழுக்கு அளிக்க மறுத்துவிட்டார். நிவாரணம் ஓய்ந்தபின் 1878 சூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். கஞ்சி நின்ற பிறகும் வந்தார்கள். சகோதர சபையார் கையாண்ட இம்முறை நம் குருக்களின் முறையைவிட மேலானதா என்று நண்பர்களான குருக்கள் சிலரோடு வாதிட்டதுண்டு. சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கைத் தள்ளிப்போட எந்தக் குருவுக்கு மனம் வரும் என்பது என் கட்சி.

நம்மவருள் வேறொருவரையும் நினைவுகூர்தல் தகும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை, தாது வருடத்தில் தம் பொருளையெல்லாம் வாரி வழங்கிக் கஞ்சித்தொட்டி நடத்தினார். வரிசையில் நின்றவர்களின் மதத்தை அவர் கேட்கவில்லை. அதைக் கண்டு அவரைப் பாடிப் போற்றியவர் நந்தனார் சரித்திரம் தந்த சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

களஞ்சியத்தின் படியில் அமர்ந்து இவற்றையெல்லாம் கூறிய பின்பு, அவன் நண்பனின் ஏளனத்திற்கு வந்தேன். “கஞ்சிக்கு வந்தவன், கஞ்சி தீர்ந்ததும் போயிருக்க வேண்டும். உங்கள் வீட்டார் ஏன் போகவில்லை?”

இதற்கு வரலாறு தரும் விடை கசப்பானது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை இந்து சமயத்தாருக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அந்த நாளை நம் திருச்சபையில் கறுப்பு நாளாக அனுசரிப்பதை வாசகர்கள் அறிவார்கள். அவனுடைய தந்தை சான்றிதழில் ஒரு சொல்லை மாற்றி எழுதச் சம்மதித்திருந்தால் கல்வி உதவித்தொகையும், ஒருவேளை அரசுப் பணியும் கிடைத்திருக்கும். அண்டை வீட்டார் எடுத்துச் சொன்னார்களாம். அவர் சம்மதிக்கவில்லை. இழப்பு என்று தெரிந்தும், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக அக்குடும்பம் நின்றிருக்கிறது. ஆதாயத்திற்காக வந்தவர்கள் என்று எவர்களைச் சொல்கிறார்களோ, அவர்களே ஒவ்வோர் ஆண்டும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியாரிடம் பட்ட துன்பம் மட்டுமா? கஞ்சி ஊற்றிய அதே ஆலயங்களுக்குள் அவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கினோம். இறந்தபின் கல்லறையில் நடுவே சுவர் எழுப்பினோம். எந்தெந்த ஊர் என்று நான் எழுதவேண்டியதில்லை. நம் உயர்மறைமாவட்டத்தார் அறிவார்கள். அதையும் தாங்கி, அதே ஆலயத்தில் முழந்தாளிட்டார்களே, அவர்களுடைய விசுவாசத்தின் முன்னால் என் இறையியல் பட்டம் எம்மாத்திரம்?

துன்பம் பொறுமையையும், பொறுமை தகைமையையும், தகைமை நம்பிக்கையையும் தரும் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதினார் (5:3-4). குருமடத்தில் இதைப் படிக்கட்டு போல் கரும்பலகையில் வரைந்து கற்றோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சங்கராபரணி கரை புரண்டது. சுவர் இடிந்த ஒரு குடிசையின் முன்னால் ஒரு தாயைச் சந்தித்தேன். அப்படிக்கட்டை அவரிடம் எடுத்துச் சொல்ல வாய் எழவில்லை. ‘சாப்பிட்டீர்களா, அம்மா?’ என்றுதான் கேட்க முடிந்தது. பவுல் சொன்னது பொய் என்பதல்ல. அது துன்பப்பட்டவர் தாமே திரும்பிப் பார்த்துச் சொல்லவேண்டிய சொல். பக்கத்தில் குடை பிடித்து நிற்பவர் சொல்லக்கூடியதன்று.

அந்தத் தாயார் எண்பதைக் கடந்தவர். நனைந்த சாமான்களுக்கு இடையிலிருந்து மூடியிட்ட ஒரு சிறு பானையை எடுத்துக் கொடுத்தார். பிடியரிசிப் பானை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் போட்டு, மாத முடிவில் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததே, அது. “இது மட்டும் நனையவில்லை, சாமி. பக்கத்துத் தெருவில் அடுப்பு எரியவில்லையாம், அவர்களுக்குப் பொங்கிக் கொடுங்கள்” என்றார். பக்கத்துத் தெருவில் நம்மவர் ஒரு வீடும் இல்லை. பிறகு விசாரித்தேன். அவருடைய மாமியாருக்கு மாமியார், பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியில் வளர்ந்த சிறுமியாம். அப்பெண்மணி வீட்டில் தொடங்கி வைத்த வழக்கம் அது. ‘வாங்கின கஞ்சிக்கு வட்டி’ என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அசல் இன்னும் தீரவில்லை போலும்!

இவ்வளவையும் கேட்டபின், அவ்விளைஞன் தன் முன்னோர் பெயரைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். அவன் குடும்பத்தின் பூர்வீக ஊர் பழைய பங்கு ஒன்றைச் சேர்ந்தது. அவ்விடத்துப் பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்று ஒரு சனிக்கிழமை அழைத்துச் சென்றேன். திருமுழுக்குப் பதிவேட்டில் அந்த ஆண்டுகளின் பக்கங்கள் விளிம்புவரை நெருக்கி எழுதப்பட்டிருந்தன. தாளுக்கும் பஞ்சம் வந்ததுபோல. பல பெயர்களின் பக்கத்தில், மரணத் தறுவாயில் அளிக்கப்பட்ட திருமுழுக்கு என்று இலத்தீனில் குறிப்பு. சில நாள் தள்ளி, அதே பெயர்கள் அடக்கப் பதிவேட்டில். பெரும்பாலும் குழந்தைகள்.

“இவர்களுக்குக் கஞ்சிகூடக் கிடைத்திருக்காது இல்லையா, சாமி?” என்றான்.

வெகு நேரம் விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நிறுத்தினான். அவன் தந்தை சொல்லியனுப்பிய பெயர். பக்கத்தில் மரணக் குறிப்பு இல்லை. திருமணப் பதிவேட்டைப் புரட்டினோம். பஞ்சம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து அதே பெயர், அதே ஊர். கையொப்பத்திற்குப் பதில் ஒரு சிலுவைக் குறி.

கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பிறகு என்ன நினைத்தானோ, வேண்டாம் என்று சொல்லி, என்னிடம் ஒரு தாள் வாங்கி, அந்தப் பெயரையும் சிலுவைக் குறியையும் தன் கையாலேயே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம்.