மணலுக்குள் ஓடும் செய்யாறு

அண்ணாமலையார் ஆண்டுக்கு மூன்று முறை திருவண்ணாமலையை விட்டு ஆற்றங்கரைக்குப் புறப்படுகிறார்.

தை மாதம் 5-ந் தேதி மணலூர்ப்பேட்டையில், தென்பெண்ணை ஆற்றில் தீர்த்தவாரி நடக்கிறது. ரத சப்தமி அன்று கலசப்பாக்கத்தில், செய்யாற்றில் தீர்த்தவாரி. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதியில் தீர்த்தவாரி.

திருவண்ணாமலையில் குளங்களுக்குக் குறைவு இல்லை. கோவிலுக்கு உள்ளேயே சிவகங்கைக் குளமும் பிரம்ம தீர்த்தமும் இருக்கின்றன. இருந்தும், சுவாமி ஆற்றைத் தேடிப் போகிறார். ஆறு இல்லாமல் ஊர் இல்லை என்பதைப் பெரியவர்கள் இப்படித் திருவிழாவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த மூன்றில் செய்யாற்றின் கதை தனியானது. மழைக்காலத்தில் இரு கரையும் தொட்டு ஓடும். மழை நின்று சில மாதங்கள் ஆனால் வெறும் மணல்தான் தெரியும். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பாலத்தின் மேல் நின்று, "இது என்ன ஆறு? தண்ணீரே இல்லையே!" என்று கேட்பார்கள்.

தண்ணீர் உண்டு. அது மணலுக்கு மேலே ஓடவில்லை. மணலுக்கு உள்ளே ஓடுகிறது.

இன்றைய கவலை அதுபற்றியதுதான். உள்ளே ஓடும் தண்ணீரும் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

பிள்ளை கொண்டுவந்த ஆறு

செய்யாற்றின் பழைய பெயர் சேயாறு. "சேய்" என்றால் பிள்ளை. முருகனுக்கும் சேய் என்ற பெயர் உண்டு.

பார்வதி தேவி காஞ்சிபுரத்தில் இருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். வழியில் வாழைப்பந்தல் என்னும் இடத்தில் தங்கி, மணலால் லிங்கம் செய்து பூஜை செய்ய நினைத்தார். மணலைப் பிசையத் தண்ணீர் இல்லை. தண்ணீர் கொண்டுவரும்படி பிள்ளைகளை அனுப்பினார். முருகன் உண்டாக்கிய ஆறுதான் சேயாறு; பிள்ளையார் கொண்டுவந்தது கமண்டல நதி. இப்படி ஒரு தல புராணக் கதை இந்தப் பகுதியில் வழங்குகிறது.

சங்க இலக்கியத்திலும் இந்த ஆறு இடம் பெற்றிருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்று மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் என்னும் புலவர் பாடியது. 583 அடிகள் கொண்டது. நன்னன் என்ற மன்னனுடைய செங்கண்மா நகருக்குப் போகும் வழியை அது சொல்கிறது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். மலையை ஒரு யானையாகவும், மலையில் எழும் பலவகை ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் நினைத்துப் புலவர் அந்தப் பெயரை வைத்தார். சேயாற்றையும் அவர் பாடியிருக்கிறார்.

ஆகவே, செங்கம் வழியாகச் சேயாறு ஓடுவது நேற்று இன்று வந்த சங்கதி அல்ல.

எங்கே பிறக்கிறது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அது பரவிக் கிடக்கிறது. சந்தன மரத்துக்குப் பெயர் போன மலை அது. மலைவாழ் மக்கள் அங்கே சாமை பயிரிடுகிறார்கள்.

அந்த மலையில்தான் செய்யாறு உற்பத்தி ஆகிறது. பிறகு செங்கம், கலசப்பாக்கம், செய்யாறு நகரம் ஆகிய ஊர்ப் பகுதிகளைக் கடந்து போகிறது. கமண்டல நாக நதி வழியில் வந்து சேருகிறது. முடிவில், காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் அருகே பாலாற்றில் கலக்கிறது. பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடும் இடம் என்பதால் அந்த ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர் வந்தது.

கங்கைக்குப் பனிமலை உண்டு. செய்யாற்றுக்குப் பனி இல்லை. மழை மட்டும்தான். மழை பெய்வது சில மாதங்கள். அப்படியானால் மற்ற மாதங்களில் தண்ணீர் எங்கே இருந்து வந்தது?

ஊற்றில் இருந்து வந்தது.

ஊற்று என்பது என்ன?

ஊற்றுக்குத் தானாகத் தண்ணீரை உண்டாக்கும் சக்தி கிடையாது. மலை குடித்த மழையை மலையே மெதுவாகத் திருப்பிக் கொடுப்பதுதான் ஊற்று.

மரம் அடர்ந்த சரிவில் மழை பெய்கிறது. இலைகள் மழையின் வேகத்தைத் தடுக்கின்றன. கீழே கிடக்கும் சருகு, பஞ்சு போல நீரை உறிஞ்சுகிறது. வேர்கள் செய்த துளைகள் வழியாக நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே இருந்து பாறை வெடிப்புக்குள் போகிறது. பல வாரங்கள், பல மாதங்கள் கழித்துத் தாழ்வான இடத்தில் கசிந்து வெளியே வருகிறது.

திருவண்ணாமலை மலையிலேயே இதைப் பார்க்கலாம். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் வசித்தார். மலைச் சரிவில் இருக்கும் அந்த இடத்துக்குத் தண்ணீர் தந்தது ஓர் ஊற்றுதான்.

மரம் இல்லாத மொட்டைச் சரிவில் என்ன நடக்கும்? மழை விழுந்தவுடன் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். அன்றைக்கு வெள்ளம். ஆறு மாதம் கழித்துப் பஞ்சம். வெள்ளமும் பஞ்சமும் எதிரிகள் அல்ல. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

மணல் என்னும் பானை

மலை ஒரு தண்ணீர்த் தொட்டி என்றால், ஆற்று மணல் இன்னொரு தொட்டி.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு குடம் நிறையக் காய்ந்த மணலை நிரப்புங்கள். குடம் நிறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால், அதன் மேல் தண்ணீர் ஊற்றினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடம் தண்ணீர் உள்ளே இறங்கும். மணலுக்கும் மணலுக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறது.

பல மைல் நீளமும், பல அடி ஆழமும் உள்ள ஆற்று மணலில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஏரித் தண்ணீரை வெயில் குடித்துவிடும். மணலுக்குள் ஆழத்தில் இருக்கும் தண்ணீரை வெயில் அவ்வளவு எளிதில் தொட முடியாது.

இந்த ரகசியம் வட ஆர்க்காட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். பாலாற்றிலும் செய்யாற்றிலும் அவர்கள் ஊற்றுக்கால்வாய் வெட்டினார்கள். ஆற்று மணலில் நீளமாக ஒரு வாய்க்கால் தோண்டுவார்கள். மணலுக்குள் ஓடும் நீர் அதில் கசிந்து சேரும். அந்த நீர் மெல்ல ஓடி, கரையைத் தாண்டி ஏரிக்கும் வயலுக்கும் போகும். வெள்ளம் வந்தால் வாய்க்கால் மூடிக்கொள்ளும். அடுத்த ஆண்டு ஊரே கூடி மறுபடியும் தோண்டும்.

எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. மண்வெட்டியும் ஒற்றுமையும்தான் முதல்!

ஆற்றை நம்பிய உயிர்கள்

ஜவ்வாது மலைக் காடுகளில் கரடி, புள்ளிமான், காட்டுப் பன்றி, முள்ளம்பன்றி, மயில் முதலியவை வாழ்கின்றன. கரடி புற்றைத் தோண்டிக் கறையானைத் தின்னும். பழங்களையும் விரும்பித் தின்னும். அதன் எச்சத்தில் விழும் விதைகள் காட்டில் முளைக்கின்றன. மரம் நடுவதற்குக் கூலி கேட்காத தோட்டக்காரன் கரடி!

மலையில் சுனை வற்றினால் இந்த விலங்குகள் தண்ணீர் தேடிக் கீழே இறங்கும். வயலில் மனிதனுக்கும் விலங்குக்கும் சண்டை மூளும்.

காட்டு யானைகளும் இந்த மாவட்டத்துக்கு வந்தது உண்டு. செங்கம், தண்டராம்பட்டு பகுதிகளில் சுற்றிய 6 யானைகளை வனத்துறையினர் 2013 ஆகஸ்டு மாதம் மயக்க ஊசி போட்டு, கும்கி யானைகளின் உதவியோடு பிடித்தார்கள்.

சமவெளியில் ஆற்றுக்கு வேறு குடும்பம். ஆற்று மடுவில் விரால், கெளுத்தி, கெண்டை மீன்கள் இருக்கும். விரால் மீன் தலையை நீட்டிக் காற்றைச் சுவாசிக்கும். அதனால் சேறும் சகதியுமான மடுவிலும் சில காலம் தாக்குப் பிடிக்கும். மீன்கொத்தி, கரையின் மண் சுவரில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஆள்காட்டிக் குருவி கூடே கட்டாது. வெறும் தரையில் கூழாங்கல் நிறத்தில் நான்கு முட்டை இடும். பக்கத்தில் யாராவது வந்தால் கத்திக் கூப்பாடு போடும். கரையோரப் பனை மரங்களில் தூக்கணாங்குருவியின் கூடுகள் ஆடும்.

லாரி இறங்குவதற்காகக் கரையை வெட்டினால் மீன்கொத்திக்கு வீடு போய்விடும். மணலை வாரினால் ஆள்காட்டியின் முட்டையும் லாரியில் போய்விடும்.

என்ன கேடு வந்தது?

செய்யாற்றுக்கு வந்த கேடு ஒன்று அல்ல; மூன்று.

முதல் கேடு மலையில். சந்தன மரங்கள் திருடு போயின. காடு மெலிந்தது. கோடையில் காய்ந்த புல்லில் தீப் பிடித்து, இளங்கன்றுகள் கருகுகின்றன.

இரண்டாவது கேடு ஆற்றில். வீடு கட்ட மணல் வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நகரங்கள் பெருகப் பெருக, மாட்டு வண்டி போய் லாரி வந்தது. மண்வெட்டி போய் இயந்திரம் வந்தது. 2003-ம் ஆண்டில் தமிழக அரசாங்கம் ஆற்று மணல் குவாரிகளைத் தானே ஏற்றது. அதன் பிறகும் திருட்டு மணல் பற்றிய புகார்கள் ஓயவில்லை.

ஆற்றின் தரை தாழ்ந்தால் என்ன ஆகும்? கரையில் உள்ள கிணறுகளின் தண்ணீர், பள்ளத்தை நோக்கி ஆற்றுக்குள் கசிந்துவிடும். ஏரிக்குப் போகும் வாய்க்காலின் வாய் மேலே நிற்கும்; ஆற்றுத் தண்ணீர் கீழே ஓடும். வாய்க்காலில் தண்ணீர் ஏறாது.

மூன்றாவது கேடு வயலில். ஆழ்துளைக் கிணறு வந்தது. பக்கத்து வயல்காரர் ஆழமாகப் போட்டால், இவர் அதைவிட ஆழமாகப் போட வேண்டியிருக்கிறது. ஊற்றுக்கால்வாய் ஊரைச் சேர்த்து வைத்தது. ஆழ்துளைக் கிணறு ஊரைப் போட்டிக்கு நிறுத்தியது.

அணை போதாதா?

"அணை கட்டிவிட்டால் கவலை தீர்ந்தது" என்று சிலர் சொல்கிறார்கள்.

செங்கம் அருகே செய்யாற்றில் குப்பநத்தம் அணை இருக்கிறது. அதன் உயரம் 60 அடி. கொள்ளளவு 70 கோடி கன அடி. தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணை 1958-ல் கட்டப்பட்டது. அதன் உயரம் 119 அடி. கொள்ளளவு சுமார் 732 கோடி கன அடி. அதாவது, குப்பநத்தம் அணை சாத்தனூரில் பத்தில் ஒரு பங்கு. இந்த அணைகளால் ஏரிகளும் வயல்களும் பயன் அடைகின்றன என்பது உண்மை.

ஆனால், பெரிய அணைக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் பேய் மழை கொட்டியது. டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை மலைச் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, 5 குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டார்கள். டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில், சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

அத்தகைய மழையை எந்தக் காடும் முழுவதும் குடித்துவிட முடியாது. ஆனால் மலைச் சரிவில் மரம் இருக்க வேண்டிய இடத்தில் வீடு இருந்தால், ஆபத்து பல மடங்கு ஆகிறது. அணை தண்ணீரைத் தேக்கும். மலையைக் காக்க அதனால் முடியாது.

வழி உண்டா?

உண்டு. தூரத்திலும் உண்டு, பக்கத்திலும் உண்டு.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் மச்சாகோஸ், கிடுய் என்ற வறண்ட பகுதிகள் இருக்கின்றன. அங்கே மக்கள் மழைக்கால ஓடைகளின் குறுக்கே சிறு சுவர் எழுப்புகிறார்கள். எதற்கு? தண்ணீரைத் தேக்க மட்டும் அல்ல, மணலைத் தேக்க! மணல் சேர்ந்தால் அதற்குள் தண்ணீர் சேரும். கோடையில் மணலைத் தோண்டி நீர் எடுக்கிறார்கள். ஒரு நாடு பாடுபட்டு மணலைச் சேர்க்கிறது. இன்னொரு நாடு சேர்ந்த மணலை வாரிக் கொடுக்கிறது!

பக்கத்து உதாரணம் நாகநதி. ஜவ்வாது மலையில் பிறந்து, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் ஆறு அது. பல ஆண்டுகளாக வற்றிக் கிடந்தது. 2014-ல் அதை மீட்கும் வேலை தொடங்கியது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்ந்த கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் பாடுபட்டார்கள். ஓடைகளில் கல் தடுப்புகள் வைத்தார்கள். மழை நீர் பூமிக்குள் இறங்கக் கிணறுகள் அமைத்தார்கள். நிலத்தடி நீர் ஏறியது. 2021 செப்டம்பர் மாதம், உலக நதிகள் நாளன்று, பிரதமரின் வானொலிப் பேச்சில் இந்தப் பெண்களின் பணி பாராட்டப்பட்டது.

திருவண்ணாமலை மலையிலும் 1980-களின் இறுதியில் இருந்து தொண்டர்கள் மரம் நட்டு வருகிறார்கள். கோடைக்கு முன்பே புல்லை அகற்றித் தீத்தடுப்புப் பாதை போடுகிறார்கள். மொட்டையாக இருந்த சரிவுகளில் இன்று பசுமை தெரிகிறது.

செய்ய வேண்டியது என்ன?

செய்யாறு பிறக்கும் சரிவுகளில் காடு நிலைக்க வேண்டும். மலைவாழ் மக்களுக்கு அதில் பங்கும் வருமானமும் இருந்தால், அவர்களைவிட நல்ல காவலர் கிடையாது.

ஆற்றில் மீதம் உள்ள மணலைத் தொடாமல் விட வேண்டும். கட்டட வேலைக்குக் கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இப்போது வந்துவிட்டது. அதற்கும் ஒரு மலையைத்தான் உடைக்க வேண்டும் என்பதால், அங்கேயும் அளவும் காவலும் தேவை.

ஏரி வாய்க்கால்களைத் தூர் வார வேண்டும். இது அரசாங்கத்தின் வேலை மட்டும் அல்ல. ஊற்றுக்கால்வாய் வெட்டிய ஊர்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆறு சாவது ஒரே நாளில் நடப்பது இல்லை. முதலில் சுனை வற்றும். பிறகு மடு வற்றும். அதன் பிறகு கிணறு. கடைசியில்தான் வீட்டுக் குழாய். குழாயில் தண்ணீர் நின்ற பிறகு மலையை நினைப்பவர்கள் காலம் கடந்து நினைக்கிறார்கள்.

செய்யாறு இன்னும் சாகவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டில், கோடையில் மணலைச் சில அடி தோண்டினால் ஈரம் தட்டும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஈரம் இருக்கும்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.