இளைஞரும் சபையும்

திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ச் சபைகளில் திடப்படுத்தல் பெற்று, அசனப் பண்டிகையில் பந்தி பரிமாறி வளர்ந்த பிள்ளைகள், உத்தியோக நிமித்தமாய்ச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றபின் ஆராதனையை மறந்துவிடுகிறார்கள் என்று பெரியோர் விசனப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அவர்களுடைய சந்தேகங்களுக்குச் செவிகொடாமல் வருகையை மாத்திரம் விசாரித்த நமக்கும், சபைத் தேர்தல் விவகாரங்களை நீதிமன்றம் வரை இழுத்துச் சென்று அவர்கள் கண்முன்னே விசுவாசத்தை மலினப்படுத்திய நிர்வாகிகளுக்கும் அதில் பங்குண்டு. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பிய இந்திய மிஷனெரி சங்கம் 1903-இல் பாளையங்கோட்டையில் தோன்றியபோது, அதன் ஸ்தாபகருள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு முப்பது வயது நிரம்பவில்லை. இன்று வாலிபருக்கு நாம் மனமுவந்து அளிக்கும் பொறுப்போ, நாற்காலி அடுக்குவது! பணமும் தீர்மானமும் புழங்கும் சேகரக் கமிட்டிகளில் அவர்களுக்கு வாக்குரிமையோடு இடமளியுங்கள்.