நாள்காட்டி முதலில், டிக்கெட் பிறகு

முதல் வெளிநாட்டுப் பயணம் நடுத்தரக் குடும்பத்தில் ஒரு சின்னக் கல்யாணத்துக்குச் சமம். பணம் சேர்க்க நாலைந்து வருடம், நாள் குறிக்க ஆறு மாதம், சண்டை போட ஒரு மாலைப்பொழுது. பெரியவர்களுக்குக் கோயிலும் கோட்டையும் வேண்டும். இவ்வளவு செலவழித்துப் போய் மணலில் படுத்துவிட்டு வருவதா என்பது அவர்கள் கட்சி. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். விடுமுறையிலுமா சரித்திரப் பாடம் என்பது இவர்கள் கட்சி. கடைசியில் பாதிப் பாதி என்று பஞ்சாயத்து முடிகிறது. ஐந்து நாள் பழைய நகரம், ஐந்து நாள் கடற்கரை.

சமரசத்தில் தவறில்லை. ஆனால் இந்தச் சண்டையில் இரு தரப்பும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. எந்த மாதம்?

இப்படிப் பாதிப் பாதியாகக் கிளம்புகிறவர்களில் பலர் இப்போது போய் நிற்கும் இடம் வியட்நாம். காரணம் புரியாததல்ல. 2023 ஆகஸ்டிலிருந்து அந்த நாடு 90 நாள் வரை செல்லும் மின்-விசாவை வீட்டிலிருந்தே விண்ணப்பித்துப் பெற அனுமதிக்கிறது. ஒருமுறை நுழைவதற்குக் கட்டணம் 25 டாலர். ஐரோப்பிய விசாவுக்காக வங்கிக் கணக்கையும் சம்பளச் சீட்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது கொடுப்பினை. டெல்லி, மும்பை, கொல்கத்தாவிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. சென்னைக்காரர்கள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ விமானம் மாறலாம். பழைய தலைநகரங்களும் நீளமான கடற்கரையும் ஒரே நாட்டில் கிடைக்கின்றன. இந்தியாவில் அதைக் கூறு போட்டு விற்பவர்களுக்கும் பஞ்சமில்லை.

வாங்குகிறவர் கவனிக்கத் தவறுவது ஒன்று. வடக்கு தெற்காக 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்த நாட்டுக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. தெற்கே சைகானிலும் (இன்று ஹோ சி மின் நகரம்) ஃபூ குவோக் தீவிலும் மே முதல் அக்டோபர் வரை மழை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல வெயில். நடுப்பகுதியில் கதை தலைகீழ். பழைய அரசத் தலைநகரமான ஹுவேயும், துறைமுக நகரமான ஹோய் ஆனும், டா நாங் கடற்கரையும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே மழை உச்சத்தைத் தொடுவது அக்டோபரிலும் நவம்பரிலும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக் கேரளத்தை நனைத்துவிட்டுச் சென்னையைக் காய விடுவதுபோல, வியட்நாமின் மேற்கு எல்லையை ஒட்டி ஓடும் அன்னாம் மலைத்தொடர் அதே பருவக்காற்றை லாவோஸ் பக்கமே கறந்துவிடுகிறது. மலை தாண்டி இறங்குவது உலர்ந்த சூடான காற்று. அங்குள்ளவர்கள் அதை லாவோஸ் காற்று என்றே அழைக்கிறார்கள். பிறகு வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அதே மலையில் மோதும்போது, நம் ஐப்பசி கார்த்திகை அடைமழை அங்கே இன்னும் பலமாகக் கொட்டுகிறது. கூடவே புயல்கள். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேக்குத் தெற்கே பாக் மா மலையில் 24 மணி நேரத்தில் 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சென்னையில் ஒரு வருடம் முழுவதும் பெய்வதைவிட அதிகம். ஹுவேயின் அரண்மனை வட்டாரமும் ஹோய் ஆனின் பழைய தெருக்களும் நீரில் மூழ்கின.

தீபாவளியை ஒட்டிய வாரத்துக்கு ஹோய் ஆன் விடுதிக் கட்டணம் மலிவாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. சென்னையின் மழைக்குத் தப்பிக் கடன் வாங்கி விமானம் ஏறி, அதே மழையில் போய் இறங்குகிறவர்கள் உண்டு.

நல்ல செய்தி, இந்தியப் பள்ளிகளின் கோடை விடுமுறை நடு வியட்நாமின் உலர்ந்த பருவத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. பிப்ரவரி கடைசி முதல் ஆகஸ்ட் வரை அங்கே கடல் பெரும்பாலும் அமைதி. மே மாத ஹுவே நம் ஊரைப் போலவே சுடும் என்பது வேறு விஷயம். டிசம்பரில் மட்டுமே விடுப்பு கிடைப்பவர்கள் நடுப்பகுதியை மறந்துவிட்டு சைகானையும் ஃபூ குவோக்கையும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே சரித்திரம் கொஞ்சம் குறையும், கடல் குறையாது. சைகான் நடுவில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் அங்கே கடை விரித்திருந்த காலத்தின் மிச்சம். இன்று விளக்கேற்றுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்.

கோடையில் போகிறவர்களுக்கு நடுப்பகுதிதான் சரி என்று சொல்ல இன்னொரு காரணம் உண்டு. அங்கே பாதிப் பாதி என்ற பேச்சே தேவைப்படுவதில்லை. ஹோய் ஆன் பழைய நகரத்திலிருந்து ஆன் பாங் கடற்கரைக்கு ஐந்து கிலோமீட்டருக்குள்தான், சைக்கிளில் போய்விடலாம். (பக்கத்திலேயே உள்ள குவா டாய் கடற்கரையைக் கடல் பல வருடங்களாக அரித்து வருகிறது. பழைய புகைப்படத்தை நம்பி அங்கே அறை எடுக்கக் கூடாது.) காலையில் கடல், நடுப்பகலில் தூக்கம், மாலையில் நானூறு வருடப் பழைய தெரு. பெரியவர்கள் கட்சியும் பிள்ளைகள் கட்சியும் ஒரே விடுதியில் குடியிருக்கலாம்.

ஹோய் ஆன் ஒரு தோற்றுப்போன துறைமுகம். சீன, ஜப்பானிய, ஐரோப்பிய வணிகர்கள் கூடிய அந்த ஊரின் ஆற்று முகம் மண்மேடிட, வணிகம் டா நாங்குக்குப் போய்விட்டது. புதுக் கட்டடம் கட்ட யாருக்கும் வசதி இல்லாமல் போனதால் பழைய ஊர் பிழைத்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்கும் கொற்கைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1999இல் யுனெஸ்கோ ஹோய் ஆனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜப்பானியர்கள் கட்டிய கூரைப் பாலம் நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

அதே 1999இல் அந்தப் பட்டியலில் ஏறிய இன்னொரு இடம், ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் உள்ள மி சன். இந்தியப் பயணி ஒருவர் நடு வியட்நாம் வரை போய் இதைப் பார்க்காமல் திரும்பினால் அது வீண்செலவு. சாம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் கட்டிய செங்கல் கோயில்கள் அவை. தொடங்கி வைத்தவன் பெயர் பத்ரவர்மன். தெய்வத்தின் பெயர் பத்ரேசுவரன். அரசன் தன் பெயரை ஈசுவரனுக்குச் சூட்டும் வழக்கம் ராஜராஜேச்சரம் கண்டவர்களுக்குப் புதிதல்ல. செங்கற்களுக்கு இடையே சாந்து கண்ணுக்குத் தெரியாது. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த மிகப் பெரிய கோபுரம் தூளானது. குண்டு விழுந்த பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். 2017 முதல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சில கோயில்களைச் சீரமைத்தது. அந்த வேலையின்போது 2020 மே மாதம் மண்ணுக்குள்ளிருந்து ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது.

மி சன்னுக்கு வழக்கமான சுற்றுலாப் பேருந்து போய்ச் சேர்வது வெயில் ஏறிய பிறகு. செங்கல் சூடாகி, கூட்டமும் சேர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சிவனும் தெரியாது, சாம்பாவும் தெரியாது. தனி வண்டி பிடித்து விடியற்காலையில் கிளம்புவதற்கு ஆகும் கூடுதல் செலவு நியாயமானது. கோயில்களிலிருந்து எடுத்த சிற்பங்களில் சிறந்தவை டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடலில் குளித்து அலுத்த ஒரு பிற்பகலுக்கு அது போதும்.

ஹுவே வேறு மாதிரி ஊர். 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் தலைநகரம். அகழி, கோட்டைச் சுவர், அதற்குள் இன்னொரு கோட்டை, அதற்குள் அரசர் குடும்பம் மட்டும் நுழையக்கூடிய அந்தப்புரம். அந்த உள்வட்டம் 1947 தீயிலும் 1968 போரிலும் பெரும்பாலும் அழிந்தது. ஆற்றங்கரையோரம் அரசர்கள் உயிரோடிருக்கும்போதே கட்டத் தொடங்கிய கல்லறைத் தோட்டங்கள்தான் உண்மையில் பார்க்க வேண்டியவை. எல்லாவற்றையும் பார்க்க முயல்வது மூடத்தனம். மின் மாங், து டக் இரண்டும் போதும். ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஹாய் வான் கணவாயில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நேர் கீழே கடல். இந்தப் பயணத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே சன்னலுக்குச் சண்டை போடும் இடம் இதுதான்.

பத்து நாள் கையில் இருந்தால் ஹனோயில் இரண்டு இரவு, ஹுவேயில் இரண்டு, மீதியெல்லாம் ஹோய் ஆன். சரித்திரம் முன்னால், கடல் பின்னால். தலைகீழாக வைத்தால், கடலில் நாலு நாள் கிடந்த உடம்பு 36 டிகிரி வெயிலில் கல்லறைப் படி ஏற மறுக்கும். ஹனோய் நகரைத் தவிர்க்க வேண்டாம். 1070இல் தொடங்கிய இலக்கியக் கோயிலில், அரசுத் தேர்வில் தேறிய அறிஞர்களின் பெயர்களை ஆமை முதுகின் மேல் நிற்கும் 82 கல்வெட்டுகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை வாட்டும் பெற்றோர்கள் அங்கே சற்று அதிக நேரம் நிற்கக்கூடும். வெட்ட வேண்டுமானால் ஹா லாங் விரிகுடாவை வெட்டலாம். அழகான இடம்தான், ஆனால் அதற்குத் தரும் ஒரு நாளும் ஒரு இரவும் கடற்கரைக் கணக்கிலிருந்துதான் போகும். பானா மலையில் 2018இல் திறந்த ராட்சதக் கைகள் தாங்கும் தங்கப் பாலத்தையும் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஹனோயில் இறங்கி டா நாங்கிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் ஒரு முழு நாள் மிச்சம். போய் வரும் டிக்கெட் ஒரே ஊருக்குத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏப்ரல் 30ஐயும் மே 1ஐயும் ஒட்டிய நாட்களை விட்டுவிட வேண்டும். 1975இல் போர் முடிந்த நாளும் தொழிலாளர் தினமும் அடுத்தடுத்து வருவதால் வியட்நாமே டா நாங் கடற்கரைக்குக் கிளம்பிவிடும்.

விசா விண்ணப்பத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டம். அப்பா பெயரை இனிஷியலாக்கி வாழ்கிறவர்கள், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள், அங்கே தோன்றியதை நிரப்பிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்ட இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் விசாவிலும் விமான டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விமான நிறுவனக் கவுன்ட்டரிலேயே பயணம் முடியக்கூடும். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். அரசின் விசா இணையதள முகவரி ‘கவ் டாட் விஎன்’ என்று முடியும். அதைப் போலவே தோற்றமளித்து இரண்டு மூன்று மடங்கு கறக்கும் தனியார் தளங்கள் ஏராளம்.

பாக்கேஜாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி ஒரு தொகையைக் கூடவே பிடித்துக்கொள்வார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறி வந்திருக்கிறது. அது செலவில் சேராது, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் அதுவரை கையை விட்டுப் போயிருக்கும் என்பதால் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கத்தான் வேண்டும்.

சைவர்கள் ‘சாய்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கற்றுக்கொண்டால் பிழைத்தார்கள். பௌத்த மரபில் அது மரக்கறி உணவு. அமாவாசை முடிந்த முதல் நாளும் பௌர்ணமியும் பல வியட்நாமியர்கள் சைவம். ஹுவேயில் அதற்கென்றே நல்ல உணவகங்கள் உண்டு. மற்ற இடங்களில் காய்கறிப் பொரியல் என்று கேட்டு வாங்கினாலும் அதில் மீன் சாறு கலந்திருக்கும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி.

பணம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 என்பதால் முதல் நாள் எல்லோரும் லட்சாதிபதிகள். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். ராத்திரி டாக்ஸியில் இறங்கும்போது உள் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு எண்ணிக் கொடுப்பது நல்லது.