காது குத்தியாச்சு, பத்திரம் எடுத்தாச்சா?

சுங்காய் வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்குக் காது குத்து என்றால் எப்படி நடக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தாய்மாமன் மடி, சீர்வரிசைத் தட்டு, மொட்டைத் தலையில் சந்தனம், கோயில் வாசலில் பந்தல், ஆட்டுக்கறிப் பிரட்டல், பீடோரிலிருந்தும் துரோலாக்கிலிருந்தும் சிலிம் ரிவரிலிருந்தும் வந்து இறங்கும் சொந்த பந்தம். கைமாத்து வாங்கியாவது குறையில்லாமல் செய்துவிடுவோம். அதை வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. வேர்வை சிந்திப் பிழைக்கிற குடும்பத்துக்கு வருஷத்தில் ஒருநாள் சந்தோஷம் வேண்டாமா? தாராளமாகச் செய்யுங்கள்.

ஆனால் அந்தப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பிள்ளைக்குப் பத்திரம் எடுத்தாச்சா?" பாதிப் பேர் "எடுத்தாச்சுங்க" என்பார்கள். சிலர், "எடுக்கணும்ங்க, பேரு இன்னும் முடிவாகல" என்பார்கள். இன்னும் சிலர் பதில் சொல்லாமல், "ரசம் ஊத்தட்டுமா?" என்று பேச்சை மாற்றுவார்கள். அந்த மூன்றாவது கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளை வளர்ப்பில் நமக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. தீட்டுக் கழிக்கும் நாள், தொட்டில் போடும் நாள், குப்புறக் கவிழ்ந்த நாள், முதல் பல் முளைத்த நாள், வாசற்படி தாண்டிய நாள். இதில் ஒன்றையும் பாட்டிமார்கள் மறக்க மாட்டார்கள். மூத்த பேரன் எந்த மாசம் எழுந்து நின்றான் என்று முப்பது வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்லும் கிழவிகள் நம் தோட்டங்களில் உண்டு. அரசாங்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்த 60 நாளுக்குள் பதிவு. ஒன்பதாம் மாசமும் பன்னிரண்டாம் மாசமும் மணல்வாரிக்கு ஊசி. ஏழு வயதில் ஒன்றாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் மைகார்டு. ஊசிக் கணக்கை நம் தாய்மார்கள் பெரும்பாலும் தவற விடுவதில்லை. கிளினிக் மிஸ்ஸி போட்டுக் கொடுத்த புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், நாள் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பத்திர விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அசட்டை?

அசட்டை என்று எழுதிவிட்டேன். முழுக்க முழுக்க அசட்டை என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கித்தா மரம் நின்ற காலத்தில் தோட்டத்துப் பிள்ளையின் காரியமெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். விடியுமுன்னே பிரட்டுக்குப் போகும் தாய், தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். சாரோங் தொட்டில் வரிசையாகத் தொங்கும். ஓர் ஆயா பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஆட்டிக்கொண்டிருப்பார். மேலுக்குச் சரியில்லை என்றால் தோட்டத்து டிரெஸ்ஸர். பிரசவத்துக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் லயத்திலேயே மருத்துவச்சி. பிள்ளை பிறந்த தகவலை எழுதிக் கொடுக்க டிரெஸ்ஸரோ கிராணியோ இருந்தார். பதிவைப் போலீஸ் ஸ்டேஷனில்கூட செய்யலாம். தகப்பன் செய்ய வேண்டியதெல்லாம் ஆபீஸ் படியில் நின்று பெயரைச் சொல்வதுதான். "ஐயா பாத்துக்குவாரு" என்ற பழக்கம் அப்படி வந்தது.

இதில் கிராணிமார்கள் செய்த கூத்தும் கொஞ்சநஞ்சம் அல்ல. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார்கள். ஒரே தகப்பனின் பெயர் அண்ணன் பத்திரத்தில் 'வேலு', தம்பி பத்திரத்தில் 'பேலு', தங்கச்சி பத்திரத்தில் வேறு என்னவோ. சிரிப்பாகத்தான் இருக்கும். தகப்பன் இறந்த பிறகு ஊழியர் சேமநிதிப் பணம் வாங்கப் போகும்போதுதான் அந்தச் சிரிப்பு அடங்கும்.

பிறகு காலம் மாறியது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை மூடினார்கள், ஆயாக் கொட்டகைகள் பாழடைந்தன, நேர்வேலை குறைந்து கொந்தராக்டு வேலை பெருகியது. நம் சனம் பட்டணத்துப் பக்கம் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் போனது. பார்த்துக்கொண்டிருந்த ஐயா போய்விட்டார். "ஐயா பாத்துக்குவாரு" என்ற பழக்கம் மட்டும் நம்மோடு கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. இதுதான் முதல் கோளாறு.

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது. அது பிள்ளை பிறப்பதற்கு முன்பே, தாலி கட்டும்போதே ஆரம்பமாகிறது.

1982 மார்ச் 1-ஆம் தேதிக்கு முன்பு, கோயிலில் பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டினால் போதும், சட்டமும் அதைக் கல்யாணம் என்று ஏற்றுக்கொண்டது. 1976-ல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அந்தத் தேதியில் அமலுக்கு வந்தது. அதன்பிறகு முஸ்லிம் அல்லாதார் கல்யாணம் எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே அல்ல. பாட்டி கோயிலில் தாலி கட்டிக்கொண்டது செல்லும். அதே கோயிலில், அதே மாரியம்மன் முன்னால், பேத்தி கட்டிக்கொண்ட தாலி பதிவில்லாமல் செல்லாது. இது நம்மவர்களுக்குப் புரிவது சிரமம்தான். "சாமி முன்னாடி கட்டினது செல்லாதா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். சாமியிடம் செல்லும் பெரியவரே, தாப்பாவில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது சாமி இல்லையே!

கல்யாணம் பதிவாகாத தம்பதிக்குப் பிள்ளை பிறந்தால் என்ன ஆகும்? தாயும் தகப்பனும் சேர்ந்து போய்க் கேட்டுக்கொண்டால் ஒழிய, தகப்பன் பெயரைப் பத்திரத்தில் எழுத மாட்டார்கள். அந்த இடத்தில் 'தகவல் பெறப்படவில்லை' என்று மலாயில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே தகப்பன் நிற்பான். மீசை இருக்கும், கையில் பிள்ளை இருக்கும். பத்திரத்தில் அவன் இருக்க மாட்டான்.

பெயரோடு போனால் பரவாயில்லை. குடியுரிமை என்று ஒன்று இருக்கிறது. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை மலாயா மண்ணில் பிறந்தவர்களுக்கு, பிறந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. அதன்பிறகு மண் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆனது. தாய் தகப்பன் கல்யாணம் சட்டப்படி நடக்கவில்லை என்றால், பிள்ளை தாயைத்தான் சேரும். தகப்பனிடம் நீலக் கார்டு இருந்தாலும் பயனில்லை. தாயிடமும் நீலக் கார்டு இருந்தால் பிள்ளை தப்பிக்கும். தாயிடம் எந்தக் கார்டும் இல்லை என்றால்? அவளுடைய தாய் லயத்தில் பிள்ளை பெற்று, பதியாமல் விட்டுவிட்டவள் என்றால்? அல்லது இந்தோனேசியாவிலிருந்து செம்பனை வேலைக்கு வந்து, நம் பையனை நம்பி இங்கேயே தங்கிவிட்டவள் என்றால்? பிள்ளையின் பத்திரத்தில் குடியுரிமைக் கட்டத்தில் 'குடிமகன் அல்ல' என்று விழும். பாட்டி விட்ட பிழை பேரன் தலையில் வந்து உட்காரும்.

பிறகு கல்யாணத்தைப் பதிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பதிவது நல்லதுதான், கட்டாயம் பதியுங்கள். ஆனால் குடியுரிமைக்கு அது போதாமல் போகலாம். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ்காரர். பிள்ளை வெளிநாட்டில் பிறந்த சில மாதங்களில் பெற்றோர் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஏழு நீதிபதிகளில் நால்வர், பிறந்தபோது கல்யாணம் இல்லை, ஆகவே தகப்பன் குடியுரிமை பிள்ளைக்கு வராது என்று தீர்ப்பளித்தார்கள். மூவர் மறுத்தார்கள். நாலுக்கு மூன்று! சில மாசம் முந்திப் பதிந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

சிவப்புக் கார்டுக்காரர்களுக்கும் ஒரு சேதி. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தம், நிரந்தரவாசியின் பிள்ளைக்கு இதுவரை தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிடுகிறது. "அம்மாவுக்குச் சிவப்புதானே, பிள்ளைக்கு நீலம் வந்துரும்" என்று இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகள் விஷயத்தில் மெத்தனமாக இருக்க முடியாது.

இதெல்லாம் பிள்ளைக்கு எப்போது தெரியவரும்? சின்ன வயதில் தெரியாது. பாலர் பள்ளியில் பாட்டுப் பாடும், கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ளும். மற்ற பிள்ளைக்கு ஒரு வெள்ளி வாங்கும் அரசாங்க ஆஸ்பத்திரி, இந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டார் கட்டணம் கேட்கும்போது தாய் தகப்பனுக்குச் சுடும், பிள்ளைக்குப் புரியாது. பள்ளிக்கூட விஷயத்தில் 2019 முதல் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால், பத்திரம் பின்னால் கொண்டுவரலாம் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதில்தான் புரியும். ஆறாம் வகுப்பில் கூட உட்கார்ந்திருந்தவனெல்லாம் நீலக் கார்டு எடுத்துப் படத்தைக் காட்டிச் சிரிப்பான். இவனுக்குப் பச்சைக் கார்டு கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். பிறகு பேங்குக் கணக்கு, மோட்டார் லைசென்ஸ், வேலை, கல்யாணம் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்.

1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, இங்கேயே பிறந்து மரம் வெட்டியவர்கள்கூடக் காகிதம் இல்லாத குற்றத்துக்காக மூட்டை கட்டி ரஜூலாவில் ஏறினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அதைக் கண்ணால் பார்த்த சமுதாயம் நாம். நமக்குமா காகிதத்தின் அருமை தெரியாது?

அரசாங்கத்தின் மேல் குற்றமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. செம்பனைக்குள் இருப்பவன் தாப்பாவுக்குப் போய்வர ஒருநாள் வேலை போகும். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆன பிறகும், 26 நாளுக்குக் கணக்குப் போட்டால் ஒருநாள் என்பது 65 வெள்ளி. முதல் தடவை போனால், "அந்தக் கடிதம் இல்லை" என்பார்கள். இரண்டாம் தடவை, "சாட்சி கொண்டுவா" என்பார்கள். மூன்றாம் தடவை அவன் போக மாட்டான். நானே அப்படி ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு போய், காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். விண்ணப்பம் உள்துறை அமைச்சர் வரை போகும் இனத்தில் சேர்ந்துவிட்டால் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்று நம் சமுதாயத்துக்காக நாடு தழுவிய பதிவு இயக்கம் நடத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு வாரத்துத் திருவிழா மாதிரி வந்து போனால் போதுமா? பதிவிலாகாவின் நடமாடும் சேவை, மாசம் ஒருமுறை தோட்டப் பகுதிக்குள் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். இதை நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். தேர்தல் சமயத்தில் லயத்துக்குள் வழி தெரிகிறவர்களுக்கு மற்ற நாளில் தெரியாமல் போகாது.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டப்படி ஒரு கோயிலின் குருக்களையோ பொறுப்பாளரையோ துணைத் திருமணப் பதிவாளராக நியமிக்க இடமுண்டு. பட்டணத்துக் கோயில்கள் பலவற்றில் நடக்கிறது. தோட்டத்துக் கோயில்கள் அதற்கு எழுதிப் போட்டாலென்ன? முடியாவிட்டால், "பதிவு எண்ணைக் காட்டு, பிறகு மண்டபத்தை எடுத்துக்கோ" என்று ஒரு விதி போடுங்கள். இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள், போகட்டும்.

தாய்மார்களே, ஆம்பிளைகள் போவார்கள் என்று காத்திருக்காதீர்கள். இது உங்கள் விஷயமும்கூட. வேலையிடத்து விபத்தில் வீட்டுக்காரர் போய்விட்டால், பெர்கேசோவில் விதவைப் பங்கு கேட்கும்போது கல்யாணப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். கழுத்துத் தாலியைக் காட்டினால் கவுண்டரில் பாவப்படுவார்கள், பணம் கொடுக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கல்யாணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், 21 நாள் அறிவிப்பு இருக்கிறது, முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிறப்பு உறுதிக் கடிதம், தாயின் கர்ப்பகாலப் புத்தகம், இருவர் கார்டு, கல்யாணப் பத்திரம் ஆகியவற்றோடு 60 நாளுக்குள் போங்கள். அதற்குள் போனால் செலவில்லை. பெயர் வைக்க ஜோசியர் எழுத்துக் கொடுக்கவில்லை என்று நாளைக் கடத்த வேண்டாம், ஜோசியரிடம் பிள்ளை பிறந்த அன்றே போகலாம். பத்திரம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மூத்த பிள்ளையை விட்டுப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சிக்கலில் இருக்கும் குடும்பங்கள், வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். சிவப்புக் கார்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ், ஆஸ்பத்திரி அட்டை, கப்பல் டிக்கெட்டு, எது இருந்தாலும் சரி. செத்தவர் காகிதம் வீட்டில் இருக்கக்கூடாது என்று கருமாதியன்று எரித்துவிடுகிறார்கள். எரிக்காதீர்கள். இந்த மண்ணில் நம் குடும்பம் எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்கும்போது எடுத்துவைக்க, அந்தக் காகிதங்களைத் தவிர வேறு சாட்சி பல குடும்பங்களுக்கு இல்லை.