ஓடுபாதை மட்டும் போதுமா?

சிம்லா விமான நிலையம் மலையுச்சியைச் சமன்படுத்தி அமைக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். உயரத்தால் காற்றின் அடர்த்தியும் குறைவு. இருக்கைகள் பலவற்றைக் காலியாக விட்டே விமானிகள் புறப்பட வேண்டியிருந்தது. சிறு நகரங்களை இணைக்கும் 'உடான்' சேவையை 2017 ஏப்ரலில் பிரதமர் தொடங்கி வைத்தது இங்கேதான்.

அத்திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403-இல் சேவையே தொடங்கவில்லை. மூன்றாண்டு சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112 மட்டுமே என 2023-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறியது.

மானியம் கொடுத்தால் மலை விலகி நிற்காது. ஓடுபாதை, காற்று, மூடுபனி குறித்து விமானிகள் கூறுவதை அடிக்கல் நாட்டும் முன்பே கேட்டு, அவையிலும் வைக்க வேண்டும். இல்லையேல், விமானம் வராத நிலையங்களையே மக்கள் பணத்தில் கட்டிக்கொண்டிருப்போம்.