முதல் வசனம் ‘வேண்டாம்’ என்று இருக்கட்டும்!

பள்ளி ஆண்டு விழாக்களில் நீங்களும் கவனித்திருப்பீர்கள். மேடை நிறையப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஒரு பையன் மட்டும் பச்சைக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு மரமாக நிற்பான். “ஆட்டிசம் இருக்கிற பையன். அவனும் மேடை ஏறினான்னு இருக்கட்டுமே...” என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால், பேச்சு வராமல் தவிக்கிற குழந்தைக்குப் பேசவே தேவையில்லாத வேஷத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குக் கைதட்டுவதில் யாருக்கு லாபம்?

நாடகம் ஆட்டிசக் குழந்தைகளுக்கு உதவும். நிச்சயமாக உதவும். ஆனால் உதவுவது மேடையும் மேக்கப்பும் அல்ல. மேடைக்கு முன்னால் நடக்கிறதே ஒத்திகை, அந்த விளையாட்டுதான் உதவுகிறது. அதன் நோக்கம் என்ன என்பதிலும் நாம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆட்டிசம் தொற்றுவியாதி இல்லை. வளர்ப்பில் வந்த கோளாறும் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வித்தியாசம். 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் இந்தப் பெயர் பரவலாகத் தெரிய வந்தது. இந்தக் குழந்தைகளுக்குப் பாசம், கோபம், பயம் எல்லாமே உண்டு. அதை வெளியில் காட்டுகிற வழிதான் வேறு. சந்தோஷம் வந்தால் கையை உதறும். பயம் வந்தால் காதைப் பொத்தும். நாம் அதைப் ‘பிடிவாதம்’ என்று சொல்லிவிடுகிறோம்.

நம் பேச்சும் அவர்களுக்குச் சுலபமில்லை. “போடா, உன்னோட பேச மாட்டேன்” என்று நீங்கள் செல்லமாகச் சொல்கிறீர்கள். அந்தக் குழந்தையோ நிஜமாகவே எழுந்து போய்விடுகிறது! குரலில் இருந்த சிரிப்பு அதற்கு எட்டவில்லை. சாதாரணப் பேச்சு எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி. நின்று ஏற நேரம் தராது. ஒத்திகை அப்படியில்லை. அடுத்து யார் பேசுவார்கள், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். தப்பு வந்தால் மறுபடி செய்யலாம். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளைத் கார்பெட் என்ற பேராசிரியை நடத்திய ‘சென்ஸ் தியேட்டர்’ பயிற்சி பற்றிய ஆய்வு 2016-ல் வெளியானது. 8 முதல் 14 வயது வரையிலான 30 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே பயிற்சி: 4 மணி நேர வகுப்புகள் 10. மற்ற பிரிவு காத்திருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு முகங்களை நினைவில் வைப்பதிலும், அடுத்தவர் மனதில் ஓடுவதை ஊகிப்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஆய்வுதான். இதைப் பார்த்து ‘ஆட்டிசம் குணமாகும்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து, கூடவே விளையாட வைத்தார்கள். மாற வேண்டியது ஒரு பக்கம் மட்டுமல்ல!

இங்கிலாந்து நடிகை கெல்லி ஹன்டர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை வைத்து இந்தக் குழந்தைகளுக்கு விளையாட்டுகள் அமைத்தார். வட்டமாக உட்கார்ந்து, நெஞ்சில் கையால் இதயத் துடிப்பைப் போலத் தட்டிக்கொண்டே ‘ஹலோ’ சொல்வதில் ஆரம்பம். நம்ம மதுரையிலும், நாடகப் பேராசிரியர் பரசுராம் ராமமூர்த்தி ‘வேள்வி’ அமைப்பின் மூலம் முகமூடிகளை வைத்து ஆட்டிசக் குழந்தைகளோடு வேலை செய்தார்.

‘நமக்கு நாடகம் எங்கே தெரியும்?’ என்று யோசிக்காதீர்கள். வீட்டுக்கூடம் போதும். தினம் 10 நிமிஷம் போதும்.

கண்ணாடி விளையாட்டு: குழந்தை செய்வதை நீங்கள் அப்படியே செய்யுங்கள். அது கையை உதறினால் நீங்களும் உதறுங்கள். குதித்தால் குதியுங்கள். ‘நான் செய்வதைப் பார்’ என்று நீங்கள் தலைவராக வேண்டாம். கண்ணைப் பார்க்கச் சொல்லி முகத்தைத் திருப்பவும் வேண்டாம்.

குரல் விளையாட்டு: ‘வா’ என்ற ஒரே சொல்லைக் கோபமாக, ஆசையாக, ரகசியமாகச் சொல்லிப் பாருங்கள். எது எந்த மாதிரி என்று படம் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தெரிந்த கதை: பாட்டி வடை சுட்ட கதையே போதும். நிஜ வடையை வைத்துக்கொள்ளுங்கள்! இன்று காக்கா யார், நரி யார் என்று மாற்றி மாற்றி ஆடுங்கள். கதை நன்றாகப் பழகிய பிறகு ஒரு நாள் காக்கா வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடட்டும். எதிர்பாராத மாற்றத்தைச் சிரித்துக்கொண்டே சந்திக்க இது ஒரு பழக்கம்.

சில குழந்தைகள் டி.வி. விளம்பர வசனத்தையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். ‘சும்மா உளறாதே’ என்று அடக்காதீர்கள். அது ஏதோ சொல்ல வருவதாகவும் இருக்கலாம். அதே வசனத்தை உங்கள் நாடகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சே வராத குழந்தையா? சைகை, படஅட்டை, ஒரு சின்ன மேளம்... எதுவும் வசனம்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இது. பல வீடுகளில் முதலில் சொல்லித்தருவது ‘வணக்கம்’, ‘தேங்க்ஸ்’. விருந்தாளி முன்னால் பெருமையாக இருக்கும். நான் சொல்வது, முதலில் ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘வலிக்குது’ பழக்குங்கள். முடிவெட்டும் கடை நாடகம் போடுங்கள். அப்பா நாற்காலியில் உட்காரட்டும். குழந்தைதான் கடைக்காரர். அப்பா ‘நிறுத்து’ என்று கை காட்டினால் சீப்பு நிற்க வேண்டும். பிறகு ஆளை மாற்றுங்கள். குழந்தை கை காட்டினால் நீங்கள் நிறுத்தியே ஆக வேண்டும். அப்போதுதான் தன் சொல்லுக்குப் பலன் உண்டு என்று அது நம்பும். பல்வலி வந்தாலும், வெளியில் யாராவது தப்பாகத் தொட்டாலும், அந்த ஒரு சைகைதான் அதற்குத் துணை.

ஆனால், ‘சாதாரணப் பிள்ளை மாதிரி நடி’ என்று பழக்குவதற்கு நாடகத்தைப் பயன்படுத்தாதீர்கள். நாள் முழுக்கத் தன்னை மறைத்து நடிப்பது எவ்வளவு களைப்பு, எவ்வளவு மனக்கஷ்டம் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே சொல்கிறார்கள். கையை உதறாமல் உட்கார்ந்தால் நமக்கு நிம்மதி. அந்தக் குழந்தைக்கு?

இன்னும் சில எச்சரிக்கைகள். முகத்தில் பவுடர், உறுத்துகிற ஜிகினா உடை, அலறும் ஸ்பீக்கர், கண்ணைக் கூசும் விளக்கு எல்லாம் பல குழந்தைகளுக்கு வேதனை. விளையாட்டை எப்போதும் ஒரே பாட்டில் ஆரம்பித்து ஒரே பாட்டில் முடியுங்கள். போதும் என்றால் போதும். பேச்சுப் பயிற்சியையும் மற்ற சிகிச்சைகளையும் நிறுத்திவிட்டு இதில் இறங்க வேண்டாம். இது கூடுதல் துணை, அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஆண்டு விழாவில் அந்தக் குழந்தைக்கு என்ன வேஷம் வேண்டும் என்று அதனிடமே கேளுங்கள். படம் காட்டிக் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று தலையசைத்தால் வருத்தப்படாதீர்கள். தன் மனதில் உள்ளதை அது சொல்லிவிட்டதே!