எண் போட்ட புத்தகம் யாருக்கு?

சென்ற மாதம் நமது மில் வட்டாரத்து வாசகசாலைக் கமிட்டியில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றால் கைகலப்பு அல்ல. ஒரு புத்தகத்தைப் பற்றிய வாக்குவாதம். இரவு ஷிப்டு முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்த தோழர்கள் ஒன்பதரை வரை எழுந்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். போனஸ் சமயத்தில் வாசகசாலைக்கென்று வசூலான தொகையில் 4,000 ரூபாய் மீதி இருந்தது. ஒரு பிரசுரத்தார் ஒரு நல்ல நாவலை இரண்டு விதமாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்று சாதாரணக் கெட்டி அட்டைப் பதிப்பு. விலை 600 ரூபாய். மற்றொன்று 500 பிரதிகள் மட்டுமே அச்சிட்ட பதிப்பு. ஒவ்வொன்றிலும் எண், ஆசிரியர் கையெழுத்து, தோல் முதுகு, வைத்துக்கொள்ள ஒரு பெட்டி. விலை 4,000 ரூபாய். உள்ளே இருக்கும் கதை இரண்டிலும் ஒன்றே.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் ஸ்பின்னிங் இலாகாவில் வேலை பார்க்கும் ஓர் இளம் தோழர் எழுந்து சொன்னார்: “நல்லதெல்லாம் பணக்காரன் வீட்டுக்கு, மட்டமானதெல்லாம் தொழிலாளிக்கு என்பது எந்த ஊர் நியாயம்? நம்ம அலமாரியிலும் ஒரு நல்ல புஸ்தகம் இருக்கட்டுமே, தோழர்!”

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தொழிலாளிக்கு எதுவானாலும் போதும், மலிவாக இருந்தால் சரி என்று நினைப்பது முதலாளியின் புத்தி. நம்மில் சிலருக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகான பொருளைப் பார்த்தால் உடனே ‘ஆடம்பரம்’ என்று முகம் சுளிப்பவர்கள், அந்த அழகைச் செய்தது ஒரு தொழிலாளியின் கை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இளம் தோழரின் கேள்வி நமக்குப் புதிதல்ல. இதே கேள்வி இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற பெரிய மனிதரை வாட்டியிருக்கிறது. மாரிஸ் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், கவிஞர், சுவரில் ஒட்டும் சித்திரக் காகிதங்களுக்கும் திரைச்சீலைகளுக்கும் வடிவம் போட்டுக் கொடுத்துப் பேர் வாங்கியவர். பணக்காரர் வீட்டை அலங்கரிப்பதே தன் பிழைப்பாகிவிட்டதே என்று வெறுப்புற்று, 1883-ல் சோஷலிஸ்டு இயக்கத்தில் சேர்ந்தார். தெருமுனையில் நின்று பேசினார். ‘காமன்வீல்’ என்ற சோஷலிஸ்டுப் பத்திரிகையை நடத்தி, அதைத் தெருவில் விற்கவும் செய்தார். பத்திரிகையின் விலை ஒரு பென்னி.

அந்தப் பத்திரிகையில்தான் 1890-ல், வருங்காலச் சோஷலிச சமுதாயத்தைக் கற்பனை செய்து, ‘நியூஸ் ஃப்ரம் நோவேர்’ என்ற கதையை வாரா வாரம் எழுதினார். 1891-ல் அது லேசான காகித அட்டையோடு ஒரு ஷில்லிங் விலையில் புத்தகமாயிற்று. அதே ஆண்டில் மாரிஸ் லண்டனுக்கு மேற்கே ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். அங்கே அதே கதையை மறுபடி அச்சிட்டார். காகிதத்தில் 300 பிரதிகள், கன்றுத்தோலில் 10 பிரதிகள். காகிதப் பிரதியின் விலை இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங்! தனியுடைமையே இல்லாத உலகத்தைப் பற்றிய கதை, 300 சீமான்களின் தனியுடைமையாயிற்று. இதை என்னென்பது?

ஆனால் மாரிஸ் ஏமாற்றுக்காரர் அல்ல. அந்த அச்சகத்தைக் கொள்ளை லாபத்துக்காக அவர் நடத்தவில்லை. அவர் காலத்து ஆலைகளில் தயாரான புத்தகங்கள் மட்டமான காகிதம், வெளிறிய மை, கண்ணை உறுத்தும் நைந்த எழுத்து என்று சீரழிந்து கிடந்தன. நல்ல புத்தகம் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டிவிட வேண்டும் என்று அவர் புறப்பட்டார். கென்ட் மாகாணத்தில் லினன் கந்தலிலிருந்து கையால் செய்த காகிதம். ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து வந்த மை. அவரே வரைந்து, எட்வர்டு பிரின்ஸ் என்ற தொழிலாளி எஃகில் வெட்டிக் கொடுத்த எழுத்து. கையால் இழுக்கும் ஆல்பியன் அச்சு யந்திரம். கவிஞர் சாசரின் நூல்கள் அடங்கிய பெரிய புத்தகம் 556 பக்கம், 87 மரச்செதுக்குச் சித்திரம். 1894-ல் அச்சேறத் தொடங்கி 1896-ல் முடிந்தது. காகிதத்தில் 425 பிரதி, கன்றுத்தோலில் 13 பிரதி. காகிதப் பிரதி 20 பவுண்டு. அந்த வருஷம் அக்டோபரில் மாரிஸ் இறந்துபோனார்.

20 பவுண்டு என்றால் 400 ஷில்லிங். அன்று வாரம் 15 ஷில்லிங் கூடக் கைக்கு வராத இங்கிலாந்து விவசாயத் தொழிலாளர்கள் ஏராளம். 15 என்றே வைத்துக்கொண்டாலும் 26 வாரக் கூலிக்கு மேல்! அரை வருஷம் குடும்பமே பட்டினி கிடந்தால் ஒரு புத்தகம்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கையால் செய்த வேலைக்கு நேரம் பிடிக்கும், நேரம் பிடித்தால் செலவு ஏறும், பிரதி குறையும். இது நியாயமான குறைவு. கைத்தறிப் புடவையை மில் துணி விலைக்குக் கேட்க முடியுமா? ஆனால் இன்னொரு குறைவு இருக்கிறது. அது வேலையால் வந்த குறைவல்ல. வேலி போட்டு உண்டாக்கிய குறைவு. மாரிஸ் இறந்து 1898-ல் அச்சகத்தை மூடியபோது, அந்த மரச்செதுக்குக் கட்டைகளை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: நூறு வருஷத்துக்கு அவற்றிலிருந்து யாரும் அச்சிடக் கூடாது! கட்டை இருக்கிறது, மை இருக்கிறது, அச்சிடத் தெரிந்த தொழிலாளி இருக்கிறான். அச்சிடத்தான் கூடாது. ஏன்? வாங்கி வைத்தவரின் பிரதிக்கு மதிப்புக் குறைந்துவிடுமே!

மாரிஸின் சிநேகிதர் கோப்டன்-சாண்டர்சன் இதைவிட ஒரு படி மேலே போனார். அவர் பைண்டர், பின்னர் டவ்ஸ் அச்சகத்தைக் கூட்டாக நடத்தினார். கூட்டாளி எமரி வாக்கரோடு மனஸ்தாபம். தாம் இறந்த பின் அச்சகத்தின் எழுத்துக்கள் வாக்கர் கைக்குப் போகவேண்டும் என்று ஒப்பந்தம். அவர் கைக்கு அவை போகக்கூடாதென்று, 1916-லும் 1917-லும் இரவில் இரவில் கொண்டுபோய் ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸ் நதியில் கொட்டினார்! ஒரு டன்னுக்கு மேற்பட்ட ஈய எழுத்துக்கள். அவற்றுக்கு அச்சு வெட்டியவரும் அதே எட்வர்டு பிரின்ஸ்தான். 2014-ல் முக்குளிப்போர் இறங்கித் தேடி 150 எழுத்துக்களை எடுத்தார்கள். தறி நெய்தவன் பாடுபட, தறியை ஆற்றில் போடும் உரிமை உடையவனுக்கு என்பது எவ்வளவு விசித்திரமான சட்டம்!

ஆனால் இதே கோப்டன்-சாண்டர்சன் செய்த ஒரு வேலை நமக்குப் பிடித்திருக்கிறது. மார்க்ஸின் ‘மூலதனம்’ பிரெஞ்சு மொழியில் 1872 முதல் 1875 வரை 44 சஞ்சிகைகளாக வந்தது. ஒரு சஞ்சிகை 10 சென்டீம், சில்லறைக் காசு. இப்படிப் பகுதி பகுதியாக வந்தால் தொழிலாளிகளுக்கு எளிதில் எட்டும், மற்றெதையும்விட அதுவே தமக்கு முக்கியம் என்று மார்க்ஸ் பிரசுரகர்த்தருக்கு மனமுவந்து எழுதினார். அந்தப் பிரெஞ்சுப் பதிப்பைத்தான் மாரிஸ் 1883-ல் படித்தார். எப்படிப் படித்தார்? தாள் தாளாகக் கழன்று விழும் வரை படித்தார்! பிறகுதான் 1884-ல் அதைக் கோப்டன்-சாண்டர்சன் தோலில் பைண்டு செய்து, தங்க இலையில் பூவேலை செய்து கொடுத்தார். அந்தத் தங்கத்தின் மேல் நமக்குக் கோபம் வரவில்லை. முதலில் தேய்ந்தது, பிறகு பொன்னாயிற்று. எண் போட்ட புத்தகத்திலோ வரிசை தலைகீழ். தேய்ந்தால் விலை போய்விடும். ஆகவே திறக்காமல் இருப்பதே அதற்கு யோக்கியதை. பக்க ஓரம் வெட்டாமலே விற்ற பழைய புத்தகங்கள், நூறு வருஷமாக வெட்டப்படாமலே இருந்தால், அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, சாதாரணக் கெட்டி அட்டையை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. இங்கேதான் இளம் தோழரின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இன்று கடையில் பல புத்தகங்கள் வெளியே கெட்டி அட்டை, உள்ளே வெறும் பசை. முதுகை அரத்தால் தேய்த்துப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். நாலு பேர் கை மாறினால் தாள் உதிரும். நூல் விஷயம் மில் தோழர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. புத்தகத்தை மேலிருந்து பாருங்கள். பாரம் பாரமாக மடித்து அடுக்கியிருந்தால் முதுகில் சிறு சிறு வளைவு தெரியும். ஒரு பாரத்தின் நடுப் பக்கத்தை விரியுங்கள். தையல் நூல் கண்ணில் படவேண்டும். நூல் இருந்தால் இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை. நூல் இல்லாத புத்தகத்துக்குத் தோல் முதுகு இருந்தென்ன, வெல்வெட்டு முதுகு இருந்தென்ன? தையல் புத்தகம் கேட்பதும், கிடைக்காவிட்டால் பிரசுரத்தாருக்குக் கடுதாசி எழுதுவதும் வாசகனின் உரிமை.

நல்ல தையலையும் மலிவு விலையையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது என்பதும் பொய். 1906-ல் ஜே. எம். டென்ட் என்ற லண்டன் பிரசுரகர்த்தர், உலக இலக்கியங்களைத் துணி பைண்டு செய்து ஒரு ஷில்லிங்குக்கு விற்கத் தொடங்கினார். அவர் பெயிண்டர் ஒருவரின் மகன், பைண்டிங் கற்றவர். நமக்கு அவ்வளவு தூரம் கூடப் போகவேண்டாம். சோவியத் நாட்டிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த கெட்டி அட்டைப் புத்தகங்களை நமது சங்கக் காரியாலயங்களில் யார் கையில் எடுக்கவில்லை? 1991-க்குப் பிறகு அந்த வரவு நின்றுபோயிற்று. அன்று சில ரூபாய்க்கு விற்றவை இன்று ‘அபூர்வப் பிரதி’ ஆகிவிட்டன. அவற்றைத் தேடி அதிக விலை கொடுப்பவர்கள் உண்டு. தொழிலாளிக்கென்று அச்சிட்டதும் கண்ணாடி அலமாரிக்குள் போகிறது!

கமிட்டியில் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். 600 ரூபாய்ப் பதிப்பில் ஒரு பிரதி தருவித்து, நடுப் பக்கத்தை விரித்துப் பார்த்தோம். நூல் இருந்தது. ஆறு பிரதிகள் வாங்கினோம். இரண்டு வாசகசாலைக்கு, நான்கு, சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளுக்கு. இளம் தோழர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “அந்தப் பெட்டியை நீங்க கண்ணால் பார்க்கலை, தோழர்” என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செலவு 3,600 போக மீதி 400 ரூபாய். நம் அலமாரியில் கார்க்கியின் ‘தாய்’ ஒன்று முப்பது வருஷமாகக் கை மாறி, அட்டை போய், தாள் கழன்று, சணல் கயிற்றால் கட்டிக் கிடக்கிறது. அந்த 400-ல் காலிகோவும் நூலும் வாங்கிப் பைண்டர் தோழரிடம் கொடுத்திருக்கிறோம். ஒரு வாரம் கேட்டார். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் முடியவில்லை. யாரோ ஒரு தோழர் கயிற்றோடு வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். படித்து முடித்ததும் தயவுசெய்து திருப்பித் தரவும்.